விசில் யார் கையில்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். எனக்கு 41 வயது. கணவருக்கு 44, ஒன்றரை வருடமாக ஓடுகிறார், பத்து கிலோமீட்டர் பந்தயம் மூன்று ஓடிவிட்டார். மகளுக்கு 13, மகனுக்கு 10. மாமனாருக்கு 67, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், தினமும் நடப்பவர். இன்னும் மூன்று மாதத்தில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் குடும்பத்தோடு பெயர் கொடுத்துவிட்டார் என் கணவர். அட்டவணை போட்டு அவரே பயிற்சியும் கொடுக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் ஆகிறது, அதற்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது. மகன் குதிகால் வலிக்கிறது என்கிறான். இவர் ‘சாக்கு’ என்கிறார். மகள் மூன்றாவது வாரம் வரவே இல்லை. முட்டி தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமனார் பயப்படுகிறார், ஆனாலும் பேரனோடு ஓட ஆசைப்படுகிறார். எனக்கு ஓடும்போது சிறுநீர் கசிகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பத்து வயதுப் பையன் ஐந்து கிலோமீட்டர் ஓடலாமா? எல்லோரும் சேர்ந்து ஓட வழி இருக்கிறதா, இல்லை பெயரை விலக்கிக்கொள்ளட்டுமா? ஒரே மாதிரி டீ-ஷர்ட் அடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை விலக்க வேண்டாம். அட்டவணையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். டீ-ஷர்ட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஓடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக் காலம் தள்ளும் பிசியோதெரபிஸ்ட் நான். உங்கள் கணவரைப் போன்றவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். நல்ல மனிதர்கள். தனக்குக் கிடைத்த சந்தோஷம் வீட்டில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று நினைப்பவர்கள். பத்து கிலோமீட்டருக்குத் தனக்கு உதவிய அட்டவணையைப் பாதியாக வெட்டினால் குடும்பத்துக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் அவர்கள் செய்யும் தப்பு. அந்தத் தப்பை நானே செய்தவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். என் மகளுக்கு எட்டு வயதானபோது இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கடைசி நூறு மீட்டரில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினேன். எல்லைக் கோட்டில் யாரோ எடுத்த படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய ஒரு கால் தரையில் இல்லை, கண்ணில் தண்ணீர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் என்னோடு ஓட வரவில்லை.

குடும்பம் சேர்ந்து ஓடும்போது எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளக்கூடியது நேரம் ஒன்றுதான். தூரமும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணவருக்குக் கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம் உங்கள் மகனுக்கு மூச்சிரைக்கும் வேகம். சின்னக் கால்கள், அதே தூரத்துக்கு அதிகமான அடிகள். அதே வேகத்தில் ஓடினாலும் குழந்தையின் உடம்பு ஒவ்வொரு கிலோ எடைக்கும் பெரியவர்களைவிட அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. பையன் சோம்பேறி இல்லை. அப்பா மெதுவோட்டம் ஓடும்போது அவன் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து பாருங்கள். வண்டி வராத, போன வழியே திரும்பி வரக்கூடிய ஒரு நேர்ப்பாதை வேண்டும். ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்று ஒன்றாகக் கிளம்புங்கள். ஆளுக்கு அவரவர் வேகம். சரியாகப் பத்தாவது நிமிடத்தில் விசில். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விதி.

அந்த நேரத்தில் உங்கள் கணவர் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருப்பார். ஓடியும் நடந்தும் போகும் நீங்களும் மகனும் (குதிகால் வலி ஆறும்வரை அவன் சைக்கிளில், உங்கள் பக்கத்திலேயே) ஒரு கிலோமீட்டரைத் தாண்டியிருப்பீர்கள். நடக்கும் மாமனார் எண்ணூறு தொள்ளாயிரம் மீட்டரில் இருப்பார். திரும்பிய அந்த நொடியில் வரிசை தலைகீழாகிவிடும். தாத்தாதான் முதலில், அப்பா கடைசி. இதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியவர் இப்போது எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். போன வேகத்திலேயே திரும்பினால் இருபதாவது நிமிடத்தில் ஐந்து பேரும் கிளம்பிய இடத்தில் ஒன்றாக வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் வீரம் காட்டிப் பறந்தவர் மட்டும் திரும்பும்போது தள்ளாடித் தாமதமாக வருவார். சீரான வேகம் என்றால் என்ன என்று பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் சொல்லிக் கொடுப்பதை இந்த விளையாட்டு இரண்டே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடும். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

விசிலை மகன் கையில் கொடுங்கள். சத்தம் முன்னால் போகிறவருக்குக் கேட்காமல் போகலாம், அதனால் உங்கள் கணவர் கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்தோடு ஓடும் நாளில் அந்தக் கடிகாரத்துக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இனி குதிகால். அது சாக்கு இல்லை. மகனைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலைத் தளர்வாக நீட்டச் சொல்லுங்கள். குதிகாலின் அடிப்பக்கத்தை விட்டுவிட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமுமாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். முகத்தைப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காலை இழுத்துக்கொண்டான் என்றால் பெரும்பாலும் அது சீவர்ஸ் என்று நாங்கள் சொல்லும் வளர்ச்சிக்கால வலிதான். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது. குதிகால் எலும்பின் பின்பகுதியில் இன்னும் எலும்பாகாத குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கும், எலும்பு வளருவதே அங்கேதான். கெண்டைக்கால் தசை குதிகால் நாண் வழியாக வந்து அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. பிள்ளை சடசடவென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும், இழுவிசை கூடும். அதோடு ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் வலி.

பயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தட்டு எலும்போடு சேர்ந்ததும் இந்த வலி தானாகப் போய்விடும். ஆனால் ‘தாங்கிக்கொண்டு ஓடு’ என்று சொல்லவே கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்துவிடுங்கள். சைக்கிளும் நீச்சலும் தாராளமாகச் செய்யலாம். இரண்டு ஷூவுக்குள்ளும் மெத்தென்ற குதிகால் அட்டை வையுங்கள், வலிப்பது ஒரு கால் என்றாலும் இரண்டிலும் வையுங்கள். கெட்டித் தரையில் வெறுங்காலோடு குதிக்க வேண்டாம். விளையாடி வந்த பிறகு வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பள்ளியில் எத்தனை நாள் விளையாடுகிறான், மாலையில் பந்து எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவரின் அட்டவணையில் மூன்று நாள் இருக்கலாம், பையனின் கால் ஆறு நாள் வேலை செய்துகொண்டிருக்கும். நொண்டி நடந்தால் அன்று ஓட்டமே கிடையாது. இரவில் வலியால் விழித்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மூன்று நான்கு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பத்து வயதில் ஐந்து கிலோமீட்டர் ஓடலாமா? வலி அடங்கி, அவனுக்கு ஆசையும் இருந்து, நடுநடுவே நடக்கலாம் என்ற அனுமதியோடு என்றால் ஓடலாம். குழந்தைகள் இயல்பாகவே அப்படித்தான் ஓடுவார்கள்: பாய்வார்கள், நிற்பார்கள், கீழே கிடக்கும் எதையாவது எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். அதைத் திருத்த வேண்டாம். எனக்குக் கவலை எல்லாம் ‘ஐந்து முடித்தான், அடுத்தது பத்து’ என்ற பேச்சைப் பற்றித்தான். 2022 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் நடந்த ஃப்ளையிங் பிக் மாரத்தானில் ஆறு வயதுப் பையன் ஒருவன் குடும்பத்தோடு 42.195 கிலோமீட்டரையும் முடித்தான். வழியில் அழுதான் என்று பெற்றோரே எழுதினார்கள். ஊரெல்லாம் கொதித்தது, இனி 18 வயது விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம் என்று அமைப்பாளர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று. முழு மாரத்தானுக்குப் பல பெரிய பந்தயங்களில் 18தான் குறைந்தபட்ச வயது. அந்தக் குடும்பம் தங்கள் பிள்ளையை நேசிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘நான் நின்றுவிடுகிறேன்’ என்று ஆறு வயதுப் பிள்ளையால் சொல்ல முடியுமா? பத்து வயதிலும் அது சுலபமில்லை. அதற்குத்தான் விசில் அவனிடம் இருக்கட்டும் என்றேன். பத்தாவது நிமிடத்துக்கு முன்னால் ஊதினாலும் அது செல்லும். எல்லோரும் திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் வேண்டுமென்றே மூன்றாவது நிமிடத்தில் ஊதுவான். ஊதட்டும். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளைகள் தாங்களாகவே இன்னும் கொஞ்ச தூரம் போவார்கள்.

மகள் வராததை அடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதின்மூன்று வயது. உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது, கை கால் நீளம் அவளுக்கே பழகியிருக்காது, சென்ற வருடம் சரளமாக ஓடியவள் இந்த வருடம் தடுமாறலாம். பொது இடத்தில் அப்பா கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது அந்த வயதில் எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அவளிடம் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இருக்கிறதா? இந்த வயதுப் பெண்கள் விளையாட்டை விடுவதற்குச் சொல்லாத காரணங்களில் அது முக்கியமானது. கையைத் தூக்கிக் குதித்துப் பார்க்கும்போது அசைவு தெரியக்கூடாது, மூச்சை இழுத்தால் இறுக்கவும் கூடாது. அந்த அளவு பார்த்து ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நாளில் ஓடக்கூடாது என்றெல்லாம் எதுவும் இல்லை. முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் விடலாம். உதிரப்போக்கு அதிகமாக இருந்து, படியேறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பு என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள்.

அவளுக்குப் பல வாசல்கள் திறந்திருக்கட்டும். தோழியைக் கூட்டிக்கொண்டு வரலாம், வேறொரு நாளில் தனியாக ஓடலாம், தம்பி ஓடும்போது பக்கத்தில் சைக்கிள் ஓட்டலாம், அல்லது பந்தய நாளில் தண்ணீர் பாட்டிலும் பைகளுமாக எல்லைக் கோட்டில் நிற்கலாம். நிற்பதும் குடும்பத்தோடு சேர்ந்ததுதான். வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் எடை, உடல் பருமன் என்ற பேச்சு வரக்கூடாது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடத் தொடங்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்று எலும்பு பலவீனமாவதை நாங்கள் பார்க்கிறோம். மூன்று மாதம் வராமல் போனால் ‘ஓடுகிறாள், அதனால்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாமனாருக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களின் முட்டி தேயும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017ல் வெளியான அலசலில், இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. உயர்மட்டப் போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு அது 13.3. ஓடினால் தேயாது என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுகிறார்கள். ஆனால் பயந்து உட்கார வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

அவர் விஷயத்தில் நான் பார்ப்பது முட்டியை இல்லை, இதயத்தை. 67 வயது, இரத்த அழுத்தம். மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் ‘ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடக்கப் போகிறேன், கொஞ்சம் ஓடுவேன்’ என்று சொல்லி அனுமதி வாங்கிய பிறகே தொடங்கட்டும். மாத்திரைப் பட்டையில் மெட்டோபுரோலால், அட்டெனலால், பிசோபுரோலால் என்று இருக்கிறதா பாருங்கள். இவை இதயத்துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பவை. 220லிருந்து வயதைக் கழித்து அவருக்கு 153 என்று ஒரு எண்ணைப் போட்டு, அதில் இத்தனை சதவீதம் வர வேண்டும் என்று உங்கள் கணவரின் கடிகாரம் கணக்குச் சொல்லும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எண் வரவில்லையே என்று இன்னும் வேகம் கூட்டினால் ஆபத்து. அவருக்கு அளவுகோல் பேச்சுதான். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. அடிகளை எண்ணுவதும் எளிது: கால் நிமிடத்தில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100, என்றால் மிதமான உடற்பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம்.

நெஞ்சில் இறுக்கம், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். ‘கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லித் தன்னைத் தானே சமாதானப்படுத்துவது இந்த வயது ஆண்களுக்குக் கைவந்த கலை. எல்லைக் கோட்டைப் பார்த்ததும் பேரனோடு போட்டி போட்டு விரட்டி ஓடுவதும் வேண்டாம். முடித்ததும் சட்டென்று நிற்கவும் கூடாது; ஓட்டத்தில் கால்களில் தேங்கிய இரத்தம் மேலே திரும்பாமல், மாத்திரையும் சேர்ந்து, அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஐந்து பத்து நிமிடம் நடந்துகொண்டே இருக்கட்டும். வீட்டில் தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது அவருக்கு ஓட்டத்தைவிடப் பெரிய பயிற்சி. முழுக்க நடந்தே வருவார் என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், பந்தயத்தில் அத்தனை நேரம் தருகிறார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இப்போது நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். சொன்னதற்கு நன்றி. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இருக்கிறது, வெளியே யாரும் சொல்வதில்லை. மேலிருந்து வயிற்றின் அழுத்தம் ஒவ்வொரு அடிக்கும் இறங்குகிறது. கீழிருந்து தாங்க வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்திருக்கின்றன. வயதானால் அப்படித்தான் என்று விட வேண்டிய விஷயம் இல்லை இது. பெரும்பாலும் சரியாகும்.

வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மேலே தூக்குங்கள். சில நொடி வைத்திருந்து முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பாதிப் பயிற்சி, அதை விட்டுவிடாதீர்கள். மூச்சை அடக்க வேண்டாம், பிட்டத்தை இறுக்க வேண்டாம். எட்டு முறையாவது, தினம் மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். உங்கள் பந்தயத்துக்கும் அதே மூன்று மாதம்தான் இருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுகிறார்கள் சிலர், அது வேண்டாம். கசியுமே என்று தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். கிளம்பும் முன் ஒருமுறை போய் வாருங்கள், அடி வைப்பதைச் சிறிதாக்குங்கள், கசிவு தொடங்கும் முன்பே நடைக்கு மாறுங்கள். பேட் வைத்துக்கொண்டு ஓடுவதில் வெட்கமே வேண்டாம். கீழே ஏதோ இறங்குவதுபோல் கனமாக இருந்தால், எரிச்சலோ இரத்தமோ இருந்தால், மூன்று மாதத்தில் குறையாவிட்டால், மகப்பேறு மருத்துவரையோ பெண்கள் நலத்தைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். கணவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் நடைக்கு மாறும்போது ‘ஏன் நின்றாய்’ என்று அவர் கேட்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். அந்த விதி வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும்.

உங்கள் கணவர் இதைப் படிக்கப்போகிறார் என்று நினைத்தே அடுத்ததை எழுதுகிறேன். ஐயா, வாரத்தில் இரண்டு நாள் உங்களுக்கு. தனியாக, உங்கள் வேகத்தில், கடிகாரத்தோடு. அந்த ஓட்டத்தைப் பறித்துக்கொண்டு உங்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னால் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். குடும்ப நாள் உங்கள் பயிற்சிக் கணக்கில் சேராது. 2004ல் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் ஓடித் தொடங்கி, இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன் ஓட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. டெயில் வாக்கர் என்று ஒரு தொண்டர் எல்லோருக்கும் பின்னால் வருவார். அதனால் கலந்துகொள்கிறவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. பந்தய நாளில் உங்கள் வீட்டுக்கு அந்த ஆள் நீங்கள்தான். வேகமாக ஓடத் தெரிந்தவர் மெதுவாக ஓடுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரியும்.

பயிற்சியை நான் இப்படி வைப்பேன். வாரம் மூன்று நாள், ஒன்று விட்டு ஒன்று. அதில் ஒன்றுதான் குடும்ப நாள். புதியவர்கள் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கியபின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம். முதல் நான்கு வாரம் அதுவே போதும், சலித்தாலும் கூட்ட வேண்டாம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்புக்கும் நாணுக்கும் பல வாரம் வேண்டும். முதல் மாதக் காயங்கள் எல்லாம் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற நினைப்பில் வருபவை. ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி. எட்டாம் வாரத்தைக் கொஞ்சம் இலகுவாக விடுங்கள். ஒன்பதிலிருந்து நான்கு ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, நாற்பது நிமிடம் வரை போகலாம். பந்தய வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மகன் முதல் மூன்று வாரம் சைக்கிளில் வரட்டும், விசிலோடு. மாமனார் நடக்கட்டும், மருத்துவர் சரி என்றால் ஆறாம் வாரத்துக்கு மேல் நடுவில் அரை அரை நிமிடம் மெல்ல ஓடிப் பார்க்கலாம்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்று உங்கள் கணவர் எங்கோ படித்துச் சொல்லியிருப்பார். அதை வேதமாக எடுக்க வேண்டாம். 2008ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தக் கணக்குப்படி மெதுவாகவும் மற்றதுக்கு வழக்கமான முறையிலும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். சதவீதத்தைவிட மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிதான் உண்மையைச் சொல்லும். அதில் வலி இருந்தால் அன்று ஓய்வு.

ஷூவைப் பற்றி ஒரே பேச்சு: அக்காவின் பழைய ஷூ தம்பிக்கு வேண்டாம், வளருவான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கவும் வேண்டாம். நின்றுகொண்டிருக்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் சரி.

பந்தய நாளில் கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள். ஐந்து பேரும் கைகோத்து வரிசையாக ஓடினால் பின்னால் வருகிறவர்கள் உங்கள் ஐந்து பேரையும் திட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இருவர் இருவராகப் பிரியுங்கள்: மகனோடு நீங்கள், தாத்தாவோடு உங்கள் கணவர். மகள் ஓடுவதாக இருந்தால் யாரோடும் ஒட்ட வேண்டாம், அவள் விருப்பம். பதினொரு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெரியவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஓட வேண்டும் என்று பார்க்ரனில் விதியே உண்டு. எந்தப் பந்தயமானாலும் அதை உங்கள் விதியாக்கிக்கொள்ளுங்கள். எண் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை, தொலைபேசி எண் இரண்டையும் பேனாவால் எழுதுங்கள். தவறிவிட்டால் சந்திக்கும் இடத்தை முதல்நாளே முடிவு செய்துவிடுங்கள். ‘எல்லைக் கோட்டில்’ என்று சொன்னால் போதாது, அங்கேதான் நெரிசல் அதிகம். ஒரு மரம், ஒரு கம்பம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் காட்டி வையுங்கள்.

மகனை முந்தவிட்டு நீங்கள் இரண்டடி பின்னால் ஓடுங்கள். முன்னால் ஓடினால் உங்களைப் பிடிக்கப் பார்ப்பான். அவன் நடந்தால் நடங்கள், பாய்ந்தால் ‘நான் வருகிறேன், போ’ என்று சொல்லாமல் கூடவே போங்கள். முடித்ததும் எத்தனை நிமிடம் என்று முதலில் கேட்காதீர்கள். வழியில் என்ன பார்த்தான் என்று கேளுங்கள், உங்கள் கண்ணில் படாத நாலு விஷயமாவது சொல்வான்.

டீ-ஷர்ட் அடியுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்து கனத்து உடம்பில் ஒட்டும். முன்பக்கம் பெரிய பிளாஸ்டிக் அச்சும் வேண்டாம், அந்த இடத்தில் காற்றே போகாது. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே வாங்கி, துவைத்து, குடும்ப நாளில் ஒருமுறை போட்டு ஓடிப் பாருங்கள். அக்குளிலும் மார்பிலும் தையல் உரசிப் புண்ணாவது பந்தய நாளில் தெரிந்தால் தாமதம். மகளிடம் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வராவிட்டாலும் அவளுக்கும் ஒன்று அடித்து வையுங்கள், ‘வந்தால்தான் தருவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.